பேச்சியின் முடிச்சுச் சேலை

அடுத்த வாரம் நீங்கள் கடலோர முகாமுக்குப் புறப்படுகிறீர்கள். போவதற்கு முன்னால் நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைப் பிடித்து இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவளைப் பேசச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? காப்பி ஆறிப்போகும், பேச்சு முடியாது. பின்னால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

உங்கள் பைகளை எட்டிப் பார்த்தேன். வண்ணப் பென்சில், துணிப் பொம்மை, கேள்விகள் அச்சடித்த தாள் எல்லாம் இருக்கின்றன. நல்லதுதான். நான் இந்த வேலைக்கு வந்தபோது இதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. குழந்தைக்கு மனசில் அடிபட்டிருக்கிறது என்று சொன்னால், வயிறு நிறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். வயிறு நிறைந்தும் சரியாகாத ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். முறைகளையெல்லாம் நீங்கள் வகுப்பில் படித்துவிட்டீர்கள். எந்த முறையும் கைகொடுக்காமல் ஒரு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நான் நின்ற சில நிமிஷங்களைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாற்பத்திரண்டாம் வருஷம், கோடைக்காலம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. மயிலாப்பூரில் பாதி வீடுகளில் பூட்டு தொங்கியது. எங்கள் அம்மாவும் தம்பி தங்கைகளை அழைத்துக்கொண்டு கும்பகோணத்துக்கு ரயிலேறினாள். "ஊரே ஓடறது, நீ மட்டும் எதுக்குடி இங்கே?" என்று கேட்டாள். அப்பாவுக்கு ஆபீஸ் உண்டே, யார் சமைத்துப் போடுவது என்றேன். அப்பாவுக்குச் சமைக்கத்தான் நான் தங்கினேன் என்று அம்மா கடைசிவரை நம்பினாள். அப்பா பாவம், பாதி நாள் ஹோட்டலில்தான் சாப்பிட்டார்.

இங்கே ஜனங்கள் ஓடிக்கொண்டிருக்க, பர்மாவிலிருந்து ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். ரங்கூனில் குண்டு விழுந்ததும் காட்டிலும் மலையிலும் நடந்து, அஸ்ஸாம் பக்கமாக வந்து ரயில் பிடித்த தமிழர்கள் கூட்டம் கூட்டமாக சென்ட்ரலில் இறங்கினார்கள். வழியில் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்காக, லஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் தம் பங்களாவைத் திறந்துவிட்டார். அவர் குடும்பம் குண்டுக்குப் பயந்து ஊரை விட்டுப் போயிருந்தது. குண்டுக்குத் தப்பி வந்த பிள்ளைகள் அவர் கூடத்து ஊஞ்சலில் ஆடினார்கள். கல்லூரியை மூடிவிட்டதால் சும்மா இருந்த நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதால் என்னை டீச்சர் என்றார்கள்.

விடுதியை நடத்தியது ஒரு மாதர் சங்கம். அதன் காரியதரிசி மயிலாப்பூர்க்காரர், அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் மாமிதான். பிள்ளைகளும் மாமி என்றே கூப்பிட்டார்கள். குரல் அதட்டலாக இருக்கும், மனசு வெண்ணெய். விடிந்ததும் வருவார், விளக்கு வைத்த பிறகு போவார். இந்தக் கதையில் நடந்த பெரிய தவறு அந்த நல்ல மனசிலிருந்து வந்தது. அதனால்தான் சொல்கிறேன். அலட்சியக்காரர்கள் செய்கிற தவறுக்கு என்னிடம் கதை இல்லை, கோபம்தான் இருக்கிறது.

பேச்சி வந்து இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பதினொரு வயது இருக்கும். அவள் பெற்றோர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பர்மாவுக்குப் போனவர்கள். ஒரு பழைய கைத்தறிச் சேலையை நீளவாக்கில் முறுக்கிக் கயிறு மாதிரி பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினாள். சேலையில் இடைவெளி விட்டு விட்டு முடிச்சுகள் இருந்தன. ஒரு முடிச்சு அவள் கையில் இருந்தது. அடுத்ததை அவள் தங்கை செல்லியின் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். செல்லிக்கு மூன்று வயது. முன்னாலும் இரண்டு முடிச்சுகள் இருந்தன, அவற்றை யாரும் பிடித்திருக்கவில்லை. காட்டு வழியில் பிள்ளைகள் தொலைந்து போகாமலிருக்க இப்படிப் பிடித்துக்கொண்டு நடப்பார்களாம். வந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இந்த வழக்கம் தெரியும்.

விடுதியில் முதல் நாள் காரியங்கள் உண்டு. தலைக்கு எண்ணெய், சீயக்காய், வெந்நீர்க் குளியல், புதுத் துணி. பேனும் சிரங்கும் பரவாமலிருக்கப் பழைய துணியைக் கொல்லையில் போட்டுக் கொளுத்திவிடுவோம். பேச்சி தன் உடுப்பைக் கொடுத்தாள். சேலையைக் கொடுக்கவில்லை. வேலைக்காரிகள் இரண்டு பேர் பிடுங்கப் பார்த்தார்கள். மாமிதான் தடுத்தார். "கொளுத்த வேண்டாம். அவம்மாவோட புடவையா இருக்கும். நான் ஆத்துக்கு எடுத்துண்டு போய்த் தோய்ச்சு எடுத்துண்டு வரேன். தருவியாடி கொழந்தே?" என்று கேட்டார். பேச்சி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

மாமி அந்தப் புடவையை வேலைக்காரியிடம் கொடுக்கவில்லை. தம் வீட்டில் தாமே ஊற வைத்துத் துவைத்தார். முடிச்சுகள் சேற்றிலும் மழையிலும் இறுகிக் கிடந்தன. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, துணி கிழியாமல், கொண்டை ஊசியால் நெம்பி நெம்பி எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்தார். கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து, மேலே ஒரு முழம் மல்லிகையை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சுமங்கலிக்கு வைத்துக் கொடுப்பதுபோலத்தான் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் மெச்சினோம்.

பேச்சி மடிப்பைப் பிரித்தாள். ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை விரலால் தடவிக்கொண்டே போனாள். திரும்ப மடித்துப் பாய்க்கு அடியில் வைத்தாள். அன்றிலிருந்து அவள் பேசவில்லை.

பேசவில்லை என்றால் ஒரு வார்த்தைகூட இல்லை. தட்டில் போட்டதைச் சாப்பிடுவாள். சொன்ன வேலையைச் செய்வாள். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். இதைவிட எங்களைக் கலக்கியது, தங்கையை அவள் தொடாமல் இருந்ததுதான். மலையெல்லாம் தூக்கிச் சுமந்து வந்தவள், செல்லி ஓடிவந்து மடியில் விழுந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். டாக்டர் வந்து பார்த்தார். அதிர்ச்சி, நாளாகும் என்றார். அதற்கு டாக்டர் வேண்டுமா என்று நான் மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

செல்லி நேர் எதிர். ஒரு வாரத்தில் தேறிவிட்டாள். யார் கூப்பிட்டாலும் போவாள், சிரிப்பாள், ஊஞ்சலில் தூங்குவாள். அப்போதுதான் தியாகராய நகரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்குப் பாங்கியில் உத்தியோகம், புதிதாகக் கட்டிய வீடு. கல்யாணமாகி ரொம்ப வருஷமாகியும் குழந்தை இல்லை. எந்த ஊர், என்ன ஜாதி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியாது. சொந்தக்காரர்கள் அவர்களை வாயில் போட்டு மென்றார்கள். அந்த அம்மாள் செல்லியைப் பார்த்த மாத்திரத்தில் மடியில் வைத்துக்கொண்டு இறக்கவே இல்லை. கணவர் மட்டும் வீட்டுக்குள்ளேயும் குடையைக் கையைவிட்டு வைக்காமல் நின்றார்.

இரண்டு பேரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "சின்னது மறந்துடும்மா. பெரியது மறக்காது. மறக்காத குழந்தை எங்க வீட்டுல எப்படி ஒட்டும்?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே பயம்.

ஆடி பிறப்பதற்குள் நல்ல நாள் பார்த்து செல்லியை அவர்களிடம் ஒப்படைப்பது என்றும், பேச்சியைத் திருச்சிப் பக்கம் ஒரு விடுதிக்கு அனுப்புவது என்றும் சங்கத்தில் முடிவாயிற்று. அக்காவையும் தங்கையையும் பிரிக்கக் கூடாது என்று நான் மாமியோடு மல்லுக்கு நின்றேன். "பெரியவ திரும்பிக்கூடப் பாக்கறதில்லையேடி. ரெண்டையும் சேத்துக் கட்டிவெச்சு யாருக்கு லாபம்? சின்னதுக்காவது ஒரு நல்ல எடம் அமையட்டும்" என்றார். கண்ணால் பார்த்ததை வைத்துச் சொன்னால் மாமி சொன்னதுதான் சரி. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

இந்த இடத்தில் வார்டன் பாயைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் விடுதித் தெரு முனையில் தையற்கடை வைத்திருந்தார். குண்டு விழுந்தால் ஜனங்களைக் காப்பாற்றுவதற்காக ஒவ்வொரு தெருவுக்கும் சர்க்கார் ஒரு வார்டனை நியமித்திருந்தது. எங்கள் தெருவுக்கு இவர். கையில் பட்டை, கழுத்தில் விசில், தலையில் காதுவரை இறங்குகிற இரும்புத் தொப்பி. வக்கீல் ஆசையாக வளர்த்த மல்லிகைப் புதரைப் பிடுங்கிவிட்டு, தோட்டத்தில் நீளமாக ஒரு பதுங்குகுழி வெட்ட வைத்தார். மேலே பலகை போட்டு மண் கொட்டியிருந்தது. அபாயச் சங்கு ஊதினால் எல்லோரும் அதற்குள் இறங்கிவிட வேண்டும். அவர் தெருவைப் பற்றி மேலதிகாரி ஒரு குறை சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை.

ஒருநாள் ஊர் முழுக்க ஒத்திகைச் சங்கு ஊதப்போவதாகப் பத்திரிகையில் வந்தது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றேன். மாமிக்குச் சம்மதமில்லை. சொன்னால் அதுவரைக்கும் பயந்துகொண்டே இருக்கும், ஊதி ஓய்ந்ததும் விளையாட்டு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். இதுவும் நல்ல மனசுதான்.

அன்றைக்கு மாமி இன்னும் வந்து சேரவில்லை. தியாகராய நகர்த் தம்பதி வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் ஒரு பட்டுப் பாவாடையை செல்லியின் இடுப்பில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு அவல் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியது.

அந்தச் சத்தத்துக்குப் பின்னால் என்ன வரும் என்று தெரிந்த பிள்ளைகள் அவர்கள். யாரும் அலறவில்லை. வாயைத் திறக்காமல் நாலா பக்கமும் சிதறினார்கள். மாமரத்தில் ஏறிக்கொண்டவர்கள், குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டவர்கள், சமையல்மேடைக்கு அடியில் நுழைந்தவர்கள் என்று கண்மூடித் திறப்பதற்குள் முற்றம் காலியாகிவிட்டது. பாய் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். அவர் ஊத ஊத, குழிக்குப் பக்கத்தில் நின்ற ஒன்றிரண்டு பிள்ளைகளும் ஓடிப்போனார்கள். செல்லி மட்டும் அந்த அம்மாளின் மடியில் வீறிட்டு அழுதாள்.

உள்ளேயிருந்து பேச்சி வந்தாள். கையில் அந்தச் சேலை. கஞ்சி மொடமொடப்பு இன்னும் போகவில்லை. நடந்துகொண்டே அதில் முடிச்சுப் போட்டாள். வராந்தாவுக்கு வந்து, அந்த அம்மாளின் மடியிலிருந்து செல்லியைத் தூக்கினாள். பிடுங்கவில்லை, தன் சாமானை எடுத்துக்கொள்வதுபோல எடுத்தாள். ஒரு முடிச்சை செல்லியின் மணிக்கட்டில் கட்டி, இன்னொன்றைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, குழி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டை நோக்கி நடந்தாள். சங்கு ஊதினால் ஊரைவிட்டு நடக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அதுதான் நியாயம்.

பாய் கேட்டைச் சாத்திவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "எங்கேம்மா போவுறே? பள்ளத்துல போய் எறங்கு. டீச்சரம்மா, இன்னா பாத்துக்கினு கீறீங்க, இந்தப் பொண்ணப் புடிங்க. ரோட்டுல ஒரு ஆளு கால் வெச்சாலும் என் தெரு பேர் கெட்டுப்பூடும்" என்றார். பேச்சி அவரைத் தள்ளிக்கொண்டு கேட்டுக் கம்பியைப் பிடித்தாள். அதற்குள் பாங்கிக்காரர் ஓடிவந்து செல்லியின் மறுகையைப் பிடித்துவிட்டார். இந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும், முதலில் குழந்தையைப் பிரியுங்கள் என்று பதறினார். இந்தப் பக்கம் அவர் இழுக்க, அந்தப் பக்கம் பேச்சி விடாமல் பிடிக்க, நடுவில் செல்லி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பேச்சியின் விரல்களைப் பிரிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பதினொரு வயதுப் பெண், நாங்கள் மூன்று பெரியவர்கள். பிரித்துக் குழிக்குள் இறக்கியிருந்தால் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஒழுங்காக நடந்துகொண்டாள் டீச்சர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் எத்தனையோ நாளாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அன்றைக்குத்தான் எழுந்து வந்து தானாக ஒரு காரியம் செய்கிறாள். அந்தக் கையைப் பிரித்துவிட்டால் மறுபடியும் எதையாவது பிடிப்பாளா என்று எனக்குப் பயமாக இருந்தது. நின்று நிதானித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். பயத்தில்தான் எடுத்தேன்.

பாங்கிக்காரரிடம், கையை எடுங்கள் என்றேன். அப்பா வயசுக்காரரிடம் அந்தக் குரலில் நான் அதற்கு முன்னால் பேசியதே இல்லை. அவர் கையை எடுத்துவிட்டார். சேலையின் மீதி தரையில் புரண்டுகொண்டிருந்தது. நான் அதை எடுத்துப் பேச்சியிடம் நீட்டினேன்.

"என் முடிச்சு எது?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. கேட்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். செல்லிக்குப் பின்னால் ஒரு முடிச்சுப் போட்டு என் உள்ளங்கையில் வைத்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கெட்டியாகப் பிடித்திருக்கிறேனா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

மற்ற பிள்ளைகள் எல்லாம் உள்ளே இருக்கிறார்களே, அவர்களை விட்டுவிட்டா போவது என்று கேட்டேன். அவள் திரும்பி வீட்டைப் பார்த்தாள். பிறகு குரல் வந்தது. நாள்பட்டு அடைத்திருந்த தொண்டை, கரகரவென்று வந்தது. "எல்லாரும் வாங்க. வந்து சேலையப் பிடிங்க."

மாமரத்திலிருந்து இறங்கினார்கள். குளியலறைத் தாழ் திறந்தது. விசிலுக்கு வராத பிள்ளைகள் அந்தக் குரலுக்கு வந்தார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். பாயிடம் நான் மெதுவாக, கேட்டைத் திறக்க வேண்டாம், வீட்டைச் சுற்றி நடக்கட்டும் என்றேன். "பள்ளத்துல எறக்கணும்னு ஆர்டர் கீது டீச்சரம்மா" என்றார். இன்றைக்கு ஒத்திகைதானே பாய் என்றேன். அவர் பிள்ளைகளை ஒரு தரம் பார்த்தார். விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு எங்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

ஆபத்து நீங்கிற்று என்கிற சங்கு ஊதும்வரை வக்கீல் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். பேச்சி அடிக்கடி திரும்பி, யாராவது விட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்த மாமி, இதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். சங்கு ஓய்ந்து நடை நின்ற பிறகும் பிள்ளைகள் சேலையிலிருந்து கையை எடுக்க பேச்சி அனுமதிக்கவில்லை. மாமரத்தடியில் வரிசையாக உட்கார வைத்து, மீதி அவலை மாமிதான் ஒவ்வொருவர் வாயிலும் ஊட்டினார்.

சாயங்காலம் பேச்சி தானாகவே மாமிக்கும் எனக்கும் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சேலையில் முதல் முடிச்சு அப்பாவுக்கு, அடுத்தது அம்மாவுக்கு, பிறகு தனக்கு, கடைசி செல்லிக்கு. வழியில் யாராவது இனி நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டால், அவர்கள் முடிச்சை அவிழ்த்துவிட்டு மற்றவர்கள் போக வேண்டும். கூட்டத்தில் எல்லாக் குடும்பமும் அப்படித்தான் செய்ததாம்.

"அப்பா முடிச்ச அம்மா அவுக்கல. அம்மா படுத்துக்கிட்டப்போ, என் முடிச்ச அவுத்துட்டு நடன்னு சொன்னா. நானும் அவுக்கல. அப்படியே நடந்து வந்தோம்" என்றாள்.

அப்படி வந்த பெண்ணிடம்தான் முடிச்சில்லாத சேலையைப் பூ வைத்துக் கொடுத்திருக்கிறோம். அவிழ்த்துவிட்டால் விட்டுவிட்டோம் என்று அர்த்தம். இந்த ஊர்ப் பெரியவர்கள் அப்படித் தீர்மானித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்பா அம்மா மட்டுமில்லை, செல்லியும் இனி அவளுடையவள் இல்லை. அதனால்தான் தொடவில்லை. செல்லியைக் கேட்டு வேறு ஆட்கள் வந்ததும், நினைத்தது சரிதான் என்று ஆகிவிட்டது. தங்கை மேல் பாசமில்லாதவள் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்த பெண், நாங்கள் போட்ட உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தாள்.

"நான்னா அவுத்தேன்" என்றார் மாமி. கொண்டை ஊசி பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானே திரும்பக் கட்டித் தரட்டுமாடி கொழந்தே?" என்று கேட்டார்.

பேச்சி யோசித்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். "நீங்க நுனியப் பிடிச்சுக்கங்க. நான் கட்டுறேன்."

மாமி நுனியைப் பிடித்துக்கொண்டார். பேச்சி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பழைய இடத்திலேயே முடிச்சுப் போட்டாள். நாம் கெடுத்ததை நாமே சரிசெய்துவிட வேண்டும் என்று நமக்குக் கை பரபரக்கும். மாமிக்கும் பரபரத்தது. நுனியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாரே, அதற்காக இன்றைக்கும் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

மறுநாளே மாமி தியாகராய நகருக்குப் போய், கொடுத்தால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கொடுப்போம், இல்லையென்றால் இல்லை, முன்னால் சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் பக்கத்திலிருந்து பேச்சு மூச்சு இல்லை. நாள் போகப் போக, கேட்டடியில் நான் செய்த காரியத்தால் செல்லிக்குக் கிடைக்க இருந்த வீடும் போய்விட்டதோ என்று நினைத்து நினைத்து மாய்ந்தேன். நல்ல முடிவெடுத்தால் உடனே நல்ல பலன் வரும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். நடுவில் இப்படிச் சில நாட்கள் இருக்கும். அதைத் தாங்கத் தெரிந்துகொள்வதும் நம் வேலைதான்.

அந்த நாட்களில் பாய் ஓர் உபகாரம் செய்தார். மேலதிகாரியிடம் எங்கள் விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளத்தில் இருந்ததாகச் சொல்லிவிட்டு வந்து என்னிடம் சண்டை பிடித்தார். நிஜமாகவே குண்டு விழுந்தால் சுற்றிச் சுற்றி நடந்தா உயிர் பிழைப்பீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பேச்சியையே கூப்பிட்டுக் கேட்டோம். உள்ளே இருட்டு, வெளியே தெரியாது, அதனால் இறங்க மாட்டேன் என்றாள். பாய் ஒரு ஓரத்துப் பலகையை எடுத்துவிட்டு, படி வெட்டி, உட்கார்ந்தால் மாமரம் தெரிகிற மாதிரி செய்துகொடுத்தார். அதற்கப்புறம் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்குவாள், எல்லோரும் பின்னால் இறங்குவார்கள். தினமும் இதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது. பாயும் கடையைப் போட்டுவிட்டு வந்து கலந்துகொள்வார், துணி தைக்கக் கொடுத்தவர்கள் அவரைத் தேடிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார்கள்.

ஒருநாள் மத்தியானம் அந்த அம்மாள் டிராமில் தனியாக வந்து இறங்கினாள். பட்டும் பலகாரமும் எதுவும் கொண்டுவரவில்லை. செல்லியைத் தூக்கவுமில்லை. நேராகப் பேச்சிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். செல்லி எப்படித் தூங்குவாள், எதற்கு அழுவாள் என்று கேட்டாள். பேச்சி, காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள் என்று சொல்லி, எந்தக் காது என்றும் தொட்டுக் காட்டினாள். அந்த அம்மாள் மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். இதுதான் நல்ல சகுனம் என்று மாமி என் காதில் கிசுகிசுத்தார்.

முகாமில் பிள்ளைகள் எதையெதையோ பிடித்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். உடைந்த தகரப் பெட்டி, ஒற்றைச் செருப்பு, பூட்டு இல்லாத சாவி. உங்கள் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியும். அலசுவதற்கு முன்னால், நறுக்கென்று கத்தரிப்பதற்கு முன்னால், இது என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வரும்வரை அது அப்படியே இருக்கட்டும். அந்தப் பிள்ளை எழுந்து ஏதாவது செய்ய ஆரம்பித்தால், அது உங்களுக்குக் கோணலாகத் தெரிந்தாலும், கையைப் பிரிக்காமல் கூடப் போக வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் இத்தனை வருஷம் இந்த வேலையில் புதிதாகக் கற்றுக்கொண்டது நிறைய. ஆனால் ஒவ்வொரு முகாமிலும் முதல் நாள் எனக்கு ஞாபகம் வருவது அந்தக் கேட்டடிதான்.

ஆடி பிறப்பதற்கு முதல் நாள் ஒரு குதிரை ஜட்கா வந்து நின்றது. தம்பதி இரண்டு பேரும் இறங்கினார்கள். பாங்கிக்காரர் என்னிடமோ மாமியிடமோ எதுவும் விளக்கிச் சொல்லவில்லை. அந்த அம்மாள் ஏற்கெனவே எல்லாம் பேசி முடித்திருந்தாள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இரண்டு பெண்களுக்கும் ஒரே துணியில் பாவாடை சட்டை தைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். தைத்தது நம் பாய்தான், எங்களிடம் மூச்சு விடாமல் வைத்திருந்திருக்கிறார். பிள்ளைகள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். மாமி கண்ணைத் துடைப்பதும் அதட்டுவதுமாக இருந்தார்.

பேச்சி சேலையோடு வந்தாள். ஜட்காவில் ஏறுவதற்கு முன்னால் நின்று, செல்லிக்கும் எங்களுக்கும் போட்ட முடிச்சுகளுக்குப் பின்னால் புதிதாக இரண்டு முடிச்சுப் போட்டாள். ஒன்றை அந்த அம்மாளிடம் கொடுத்தாள். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

அவர் உடனே வாங்கவில்லை. சேலையின் முன்பக்கத்தில் யாரும் பிடிக்காமல் தொங்கிய இரண்டு முடிச்சுகளைப் பார்த்தார். அவை யாருடையவை என்று அவருக்குத் தெரியும், அந்த அம்மாள் சொல்லியிருந்தாள். ரொம்ப மெதுவாகக் கேட்டார். "அது ரெண்டும் அங்கேயே இருக்கட்டுமா? எங்களுக்கும் எடம் இருக்குமாம்மா?"

பேச்சிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"ஏன் இல்லாம? சேல நீளமாத்தான இருக்கு" என்றாள்.

அவர் குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினார்.